ஆழம் தெரியாதவர் கையில் ஆழ்கடல் கடிகாரம்!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கடல் இல்லை. துறைமுகம் இல்லை. உப்புக் காற்றும் இல்லை. பெயர் சொல்லும்படி இருப்பவை இரண்டு அணைகள். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் முழு நீர்மட்டம் 44.28 அடி. கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டம் 52 அடி. வானம் பிளந்து மழை கொட்டினாலும் இதற்கு மேல் நிற்காது.

ஆனால் நமது பகுதிக் கனவான்கள் சிலருடைய மணிக்கட்டைப் பாருங்கள்! கிரானைட் அதிபர், நிலத் தரகர், ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர், பெங்களூருக்கும் ஓசூருக்கும் காரில் பறக்கும் மேலாளர் என்று யாரை எடுத்தாலும் கையில் ஒரு தடித்த எஃகுக் கடிகாரம் மின்னுகிறது. முகப்பைச் சுற்றி எண்கள் பொறித்த ஒரு சுழல் வளையம். "டைவிங் வாட்ச்" என்கிறார்கள். கடலில் முக்குளிப்பவர்களுக்கான கடிகாரமாம்! 300 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாதாம்!

300 மீட்டர் என்றால் 984 அடி. கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி, அப்படிப் பத்து முறை அடுக்கினாலும் அந்த ஆழம் வராது. அதிலும் கெலவரப்பள்ளியில் நிற்கும் தண்ணீரின் லட்சணம் நாம் அறிந்ததே. பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் தென்பெண்ணையில் கலந்து வந்து, மதகுக்கு வெளியே வெள்ளை நுரையாகப் பொங்கி வழிகிறது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சித்தான் நம் விவசாயி பயிர் செய்கிறான். கடிகாரக் கனவான் அதில் கால் நனைப்பாரா? மாட்டார். பிறகு எதற்கு 984 அடி?

விலையைக் கேளுங்கள். இந்த ரகத்தில் புகழ் பெற்ற ரோலெக்ஸ் சப்மரைனர் என்னும் கடிகாரம் இந்தியாவில் எட்டு லட்ச ரூபாய்க்கு மேல். கடிகாரம் வாங்கினால் மட்டும் தீர்ந்துவிடுமா? அதற்குப் பட்டை வேண்டுமே! அலுவலகத்துக்கு எஃகுச் சங்கிலி, விருந்துக்குத் தோல் பட்டை, ஞாயிற்றுக்கிழமைக்கு நைலான் பட்டை, நீச்சல் குளத்துக்கு ரப்பர் பட்டை. எந்தச் சட்டைக்கு எந்தப் பட்டை, எந்த நிற முகப்புக்கு எந்த நிறத் தையல் என்று நாட்கணக்கில் ஆராய்ச்சி. ஒரு ரப்பர் பட்டைக்கே இருபதாயிரம் ரூபாய் வாங்கும் கடைகள் உண்டு.

நாம் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2025-26ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் சர்க்கார் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். தளியிலும் அஞ்செட்டியிலும் வெயிலில் மண் வெட்டிய பெண்ணுக்கு இதுதான். அந்த எட்டு லட்சத்தை அவள் சம்பாதிக்க 2,381 நாள் வேலை செய்ய வேண்டும். ஆண்டுக்கு நூறு நாள் முழுதாகக் கிடைத்தாலும், ஒரு காசு கூடச் செலவு செய்யாமல், சோறு தின்னாமல் சேர்த்தாலும், ஏறக்குறைய 24 ஆண்டு ஆகும்! பட்டை மட்டும் வாங்குவதென்றால்? 60 நாள் மண் வெட்ட வேண்டும்.

"ஆரம்பித்துவிட்டார்கள், பணக்காரனைக் கண்டால் இவர்களுக்குப் பொறாமை" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பொறுங்கள். நாம் கடிகாரத்துக்கு விரோதிகள் அல்ல. இந்தக் கடிகாரத்தின் பூர்வ கதையைத் தெரிந்துகொண்டால், யாருடைய பொருள் யார் கையில் இருக்கிறது என்பது விளங்கும்.

உழைப்பாளியின் கருவி

டைவிங் வாட்ச் நகையாகப் பிறந்ததல்ல, கருவியாகப் பிறந்தது. 1953ஆம் ஆண்டு, பிளாங்பெய்ன் என்னும் சுவிஸ் கம்பெனி பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்போருக்காக ஒரு கடிகாரம் செய்தது. அதே காலத்தில்தான் ரோலெக்ஸ் சப்மரைனரும் வந்தது. முதுகில் காற்றுக் குப்பியைச் சுமந்து இருட்டுக் கடலுக்குள் இறங்குகிறவனுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். இறங்கி எத்தனை நிமிஷம் ஆயிற்று? குப்பியில் காற்று இன்னும் எத்தனை நிமிஷத்துக்கு வரும்? இந்தக் கணக்குத் தப்பினால் உயிர் தப்பாது.

அதற்காகத்தான் அந்தச் சுழல் வளையம். இறங்கும்போது வளையத்தின் முனையை நிமிஷ முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிஷம் கழிந்தது என்பதை ஒரே பார்வையில் படித்துவிடலாம். அந்த வளையம் ஒரு பக்கமாக மட்டுமே சுழலும். ஏன் தெரியுமா? பாறையில் இடித்து வளையம் நகர்ந்துவிட்டாலும், கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிர ஒருபோதும் குறைத்துக் காட்டாது. பிழை நேர்ந்தாலும் உழைக்கிறவன் சீக்கிரம் மேலே வருவான், தாமதமாக வரமாட்டான். தவறினாலும் உழைப்பவன் பக்கமே தவற வேண்டும் என்று ஒரு பொறியாளன் யோசித்து வைத்த ஏற்பாடு இது. ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரவிதி, 100 மீட்டராவது தாங்காத கடிகாரத்தை முக்குளிப்போர் கடிகாரம் என்று அழைக்கவே அனுமதிப்பதில்லை.

பட்டைகளின் கதையும் அதுவே. இன்று "நேட்டோ பட்டை" என்று நாகரிகப் பெயரோடு விற்கப்படும் நைலான் பட்டை, 1973இல் பிரிட்டிஷ் ராணுவ அமைச்சகம் சிப்பாய்களுக்காக வகுத்த அளவில் தைக்கப்பட்டது. ஒரு பக்கத்து ஊசி ஒடிந்தாலும் கடிகாரம் கீழே விழாது என்பதுதான் அதன் உபயோகம். முக்குளிப்போர் அணியும் தடித்த ரப்பர் உடையின் மேல் கட்டுவதற்காகவே பட்டைக்கு நீட்டு இணைப்பு வந்தது. ரோலெக்ஸ் பெருமையடித்துக்கொள்ளும் 904எல் என்ற எஃகு, ரசாயன ஆலைகளில் அமிலத்தைத் தாங்குவதற்காக உபயோகப்படும் எஃகு.

ஆக, கடற்படைத் தொழிலாளியின் கடிகாரம், சிப்பாயின் பட்டை, ரசாயன ஆலையின் எஃகு. மூன்றையும் சேர்த்துக் கட்டி, எட்டு லட்சம் விலை எழுதி, ஒருநாளும் கடலைத் தொடாதவர் கையில் மாட்டிவிட்டார்கள். இதற்குத்தான் ஆடம்பரம் என்று பெயர்! உண்மையாக முக்குளிப்பவர்கள் பல ஆண்டுகளாகவே ஆழத்தையும் நேரத்தையும் தானே கணக்கிடும் மின்னணுக் கருவியைத்தான் கையில் கட்டுகிறார்கள். கருவி உழைப்பாளியிடமிருந்து விலகியது, விலை பல மடங்கு ஏறியது. உபயோகம் போன பிறகே விலை உயர்கிறது என்பது இந்தச் சந்தையின் விசித்திர தர்மம்.

நம் நாட்டில் முக்குளிப்பவர் யார்?

நம் நாட்டில் தண்ணீருக்குள் இறங்கிப் பிழைப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் கையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்குக்குளித் தொழிலாளிகள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கி மூழ்கியவர்கள். பிற்காலத்தில் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அதிக நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால், ரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகி மூட்டு முடங்கும், கை கால் விழும், உயிரும் போகும். நிமிஷக் கணக்கு உண்மையாகவே தேவைப்படுகிறவர் இவர்தான்.

மன்னார் வளைகுடாவில், பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில், பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக் கொள்கிறார்கள். காலில் தகடோ ரப்பரோ கட்டிக் கொள்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் "பட்டை" அந்தத் துணிக் கிழிசல்தான். அதன் நிறம் சட்டைக்குப் பொருந்துகிறதா என்று அவர்கள் ஆராய்வதில்லை!

இன்னும் ஒருவன் இருக்கிறான். கடலில் அல்ல, நகரத்தின் நடுவில் இறங்குகிறவன். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இறக்கிவிடப்படுகிறவன். 2013இலேயே மத்திய சர்க்கார் இதற்குத் தடைச் சட்டம் இயற்றிவிட்டது. 2014இல் சுப்ரீம் கோர்ட்டு, இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டம் ஏறிக்கொண்டே போகிறது, மனிதன் இறங்கிக்கொண்டே இருக்கிறான். இப்படி மாண்டவர் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது என்பது நமக்குப் பெரிய அவமானம். பத்தடி, பதினைந்தடி ஆழம்தான். விஷ வாயு ஏறச் சில நிமிஷம் போதும். அவனுக்கு 300 மீட்டர் தாங்கும் கடிகாரம் வேண்டாம். ஒரு முகமூடி, ஒரு இடுப்புக் கயிறு, மேலே நின்று நிமிஷம் எண்ண ஒரு ஆள். அதுவும் இல்லாமல்தானே சாகிறான்?

விருந்துக்குக் கட்டும் தோல் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு அடுத்திருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் உலகமெல்லாம் காலணியாகவும் பையாகவும் பட்டையாகவும் போகிறது. 2015 ஜனவரி 31ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பாய்ந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 பேரை உறங்கிய இடத்திலேயே கொன்றது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்தத் தோல் பட்டை மிருதுவானது என்று பேசுகிற பேச்சில் இந்தப் பத்துப் பேரின் மூச்சு எங்கேனும் கேட்கிறதா?

கடிகாரம் செய்யும் ஊர்

ஓசூர் கடிகாரம் பார்க்காத ஊர் அல்ல, கடிகாரம் செய்கிற ஊர். 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு சர்க்காரின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டான் கம்பெனியின் ஆலை இங்கேதான் எழுந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்களும் பெண்களும், ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைகள், ரோமத்தைவிட நுட்பமான பாகங்களைக் கையாளக் கற்றார்கள். 2002இல் இங்கிருந்து வந்த "எட்ஜ்" என்ற கடிகாரத்தின் மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர். அதன் உள் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். "நுட்பமான வேலை சுவிட்சர்லாந்துக்காரனுக்குத்தான் வரும்" என்று சொன்னவர்கள் வாயை அடைத்தவை ஓசூர்த் தொழிலாளியின் விரல்கள்.

அந்தப் பெருமை நமக்கும் உண்டு. ஆனால் மூலதனம் இருக்கிற இடத்தில் நிற்குமா? 2011இல் அதே கம்பெனி, ஃபாவ்ர் லூபா என்ற பழைய சுவிஸ் பெயரை 20 லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது. 1968இல் "பேத்தி" என்ற பெயரில், ஆழத்தையே அளந்து காட்டும் டைவிங் வாட்ச் செய்து பேர் வாங்கிய பெயர் அது. அதற்குப் புத்துயிர் கொடுத்து, லட்சக்கணக்கான ரூபாய் விலையில் ஆழ்கடல் கடிகாரங்களைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். வியாபாரம் எடுபடவில்லை. 2023இல் அந்தப் பெயர் மீண்டும் கைமாறியது.

இதில் தமிழ்நாட்டு மக்களுக்குச் சம்பந்தம் இல்லையா? உண்டு! அந்தக் கம்பெனியின் மிகப் பெரிய தனிப் பங்குதாரர் டிட்கோ. அதாவது சர்க்கார். அதாவது நாம். கனவான்களின் மணிக்கட்டுக்கு ஆழம் தேடிப் போனது வெறுங்கையாய்த் திரும்பினால் அதற்கு "வியாபாரத் துணிச்சல்" என்று பெயர் சூட்டுவார்கள். சிப்காட்டில் எந்த ஆலையிலாவது ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டால் மட்டும் "தொழில் அமைதி கெட்டது" என்பார்கள். எப்படி இருக்கிறது நியாயம்?

எல்லைக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடன் சேர்ந்து பொதுத்துறையின் எச்.எம்.டி. கடிகார ஆலை வந்தது. சாவி கொடுக்கும் "ஜனதா" கடிகாரத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டியிருப்பார்கள். வாத்தியார், தபால்காரர், ரயில்வே தொழிலாளி, ஆலைத் தொழிலாளி என எல்லார் கையிலும் ஏறிய கடிகாரம். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் கட்டிய கடிகாரம். பெயரே மக்கள் என்று! 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட முடிவு செய்தது.

மக்கள் கடிகாரத்தை மூடியாயிற்று. பிறகு? 2024 மார்ச் 10இல் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் வர்த்தக ஒப்பந்தம். 2025 அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்துவிட்டது. அதன்படி சுவிஸ் கடிகாரத்தின் மீதான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. கூலிக்காரன் வாங்கும் பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் வரி உண்டு. எட்டு லட்ச ரூபாய்க் கடிகாரத்துக்கு வரிச் சலுகை!

இரண்டு பில்கள்

ஆடம்பரக் கடிகாரம் நம் அரசியலில் எப்படிப் புகையாகப் பயன்பட்டது என்பதையும் பார்ப்போம்.

2016 ஜனவரியில் எச்.எம்.டி.க்குச் சாவுமணி அடித்தார்கள் என்றோம். அடுத்த மாதமே கர்நாடகம் கடிகாரப் பேச்சில் மூழ்கியது. மூடப்பட்ட ஆலையைப் பற்றி அல்ல! முதல் மந்திரி சித்தராமையா கையில் கட்டியிருந்த வைரம் பதித்த ஹூப்ளோ கடிகாரத்தைப் பற்றி. எழுபது லட்சம் என்றார்கள் எதிர்க்கட்சியினர். நண்பர் கொடுத்த அன்பளிப்பு என்றார் அவர். மார்ச்சில் சபாநாயகரிடம் ஒப்படைத்தார், அது சர்க்கார் சொத்தாயிற்று. ஒரு மந்திரி எதைக் கட்டுகிறார் என்று கேட்பது தவறல்ல, கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு கடிகாரத்துக்கு அத்தனை கூச்சல் போட்டவர்கள், ஒரு கடிகார ஆலைக்கு எத்தனை நாள் கூச்சல் போட்டார்கள்?

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2022 டிசம்பரில் பாரதிய ஜனதா மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலையின் ரஃபேல் கடிகாரம் பேச்சாயிற்று. 500 மட்டுமே செய்யப்பட்ட ரகம். "பில் எங்கே?" என்று தி.மு.க. மந்திரி கேட்டார். நான்கு மாதம் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் இதே பாட்டு. 2023 ஏப்ரல் 14ஆம் தேதி அவர் பில்லைக் காட்டினார். ஒருவரிடமிருந்து 3 லட்ச ரூபாய்க்கு வாங்கியதாகச் சொன்னார்.

ஒரே வாரம் கழித்து, ஏப்ரல் 21ஆம் தேதி, தமிழ்நாட்டுச் சட்டசபையில் இன்னொரு பில் நிறைவேறியது. தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதா. எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணியாக்க வழி செய்யும் மசோதா! "வாரம் நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு" என்று சர்க்கரை தடவிக் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், பிப்ரவரியில், கர்நாடகத்தில் அன்றைய பாரதிய ஜனதா சர்க்கார் அதே பன்னிரண்டு மணிக்குச் சட்டம் செய்திருந்தது. கடிகாரத்தைப் பற்றி ஒருவரை ஒருவர் வைது கொண்ட இரு கட்சியினரும், தொழிலாளியின் நேரத்தை நீட்டுவதில் எவ்வளவு ஒற்றுமை!

கடிகாரத்தின் பில்லுக்கு நான்கு மாதம் வாதம். உழைப்பு நேரத்தின் பில்லுக்குச் சட்டசபையில் ஒரே நாள். தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. சட்டசபையில் தோழமைக் கட்சிகளே எழுந்து வெளியேறின. ஏப்ரல் 24இல் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று முதல் மந்திரி வாபஸ் என்று அறிவித்தார். பத்து நாளில் கிடைத்த வெற்றி அது. கேட்காமல் கிடைத்ததல்ல.

கேள்விக்குப் பதில்

இப்போது எதிர்வாதம் செய்பவர்களுக்கு வருவோம்.

"ஆடம்பரப் பொருளால்தானே பலருக்கு வேலை கிடைக்கிறது?" என்கிறார்கள். இறக்குமதியான சுவிஸ் கடிகாரத்தால் ஓசூரில் யாருக்கு வேலை? கடைவாசலில் நிற்கும் காவலாளிக்கு வேலை! லட்சம் பேர் ஆயிரம் ரூபாய்க் கடிகாரம் வாங்கும் நிலை வந்தால் ஆலை ஓடும். நூறு பேர் எட்டு லட்சக் கடிகாரம் வாங்கினால் சுங்கச் சாவடியில் ஒரு பெட்டி திறக்கும், அவ்வளவுதான். தொழிலாளியின் கூலி உயர்ந்தால்தான் சந்தை பெருகும் என்பதற்கு எச்.எம்.டி. ஜனதாவே சாட்சி.

"அவரவர் காசு, அவரவர் விருப்பம்" என்கிறார்கள். காசு அவரவருடையதா? ஆள் ஒன்றுக்கு நாள்கூலியில் கான்ட்ராக்டர் பிடிக்கும் கழிவு எங்கே போகிறது? ஓவர்டைம் என்று கணக்கில் ஏறாத அரை மணிகள் எங்கே போகின்றன? ஓராண்டு, இரண்டாண்டு "பயிற்சி" என்ற பெயரில் பாதிக் கூலிக்கு முழு வேலை வாங்கிய மிச்சம் எங்கே போகிறது? எங்கோ ஒரு மணிக்கட்டில் அது மின்னுகிறது!

"அப்படியானால் தொழிலாளி நல்ல கடிகாரம் கட்டக் கூடாதா?" கட்டட்டும்! சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞன் முதல் சம்பளத்தில் ஒரு நல்ல வாட்ச் வாங்கினால், அதற்குப் பிடித்த நிறத்தில் பட்டை மாட்டினால், சில பெரியவர்கள் "பகட்டு" என்று கேலி செய்கிறார்கள். அது சரியல்ல. அழகான பொருள்மீது ஆசை எல்லா மனிதனுக்கும் உரியது. பழந்துணியும் மொண்ணைக் கடிகாரமும்தான் உழைப்பாளியின் அடையாளம் என்று எவன் எழுதி வைத்தான்? நாம் சொல்வது வேறு. எட்டு லட்சக் கடிகாரத்தின் போலியை ஐயாயிரத்துக்கோ, அல்லது அசலைப் போலத் தோன்றும் ஒன்றை மாதத் தவணையிலோ வாங்கி, அந்தக் கடனை அடைக்க ஓவர்டைமுக்கு மேல் ஓவர்டைம் பார்க்கும் இளந்தோழனைப் பார்த்துத்தான் கேட்கிறோம்: நேரம் காட்டும் பொருளை வாங்குவதற்காக உன் நேரத்தையெல்லாம் விற்றுவிட்டாயே, அப்பா! பிறகு அதில் பார்ப்பதற்கு உனக்கென்று எந்த நேரம் மிச்சம்?

வளையம் எந்தப் பக்கம் சுழல்கிறது?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆலைகளில் தொழிலாளிகள் சொந்தக் கடிகாரம் கொண்டுவரவே பயந்தார்கள். ஏன்? காலையில் ஆலைக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்கள், மாலையில் பின்னே இழுத்து வைப்பார்கள். சரியான நேரம் தெரிந்த தொழிலாளி ஆபத்தானவன். அவனை வேலையை விட்டு விரட்டுவதும் நடந்தது.

அந்தக் காலம் மலையேறிவிட்டதா? இன்று முள்ளைத் தள்ளி வைப்பதில்லை. விரல் ரேகை இயந்திரம் வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் தாமதமானால் இயந்திரம் உடனே கண்டுபிடித்து அரை நாள் கூலியை வெட்டும். ஷிப்ட் முடிந்து நாற்பது நிமிஷம் வேலை வாங்கினால் அதே இயந்திரத்துக்குக் கண் தெரியாது! இரவு மூன்று மணிக்கு எழுந்து, நான்கு மணிக்கு ராயக்கோட்டைச் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் அந்தப் பயண நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. பல ஆலைகளில் செல்போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

முக்குளிப்போர் கடிகாரத்தின் வளையம் பிழை செய்தாலும் உழைப்பவன் பக்கமே பிழை செய்யும் என்று பார்த்தோம். ஆலை வாசல் கடிகாரமோ அதற்கு நேர் எதிர். எந்தப் பிழை நடந்தாலும் உழைத்த நேரம் குறைவாகவே பதிவாகும். அதுவும் ஒரு பக்கமாகச் சுழலும் வளையம்தான். ஆனால் முதலாளி பக்கம்!

தோழர்களே, ஆகையால் நாம் சொல்வது இதுதான். கையில் இருப்பது ஐந்நூறு ரூபாய்க் கடிகாரமாக இருந்தாலும் போதும். அதை உபயோகப்படுத்துங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நேரம் மூன்றையும் தினமும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. பழைய சட்டங்களைத் தள்ளிவிட்டு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்த புதிய தொகுப்புகள் தொழிலாளியின் பல உரிமைகளில் கை வைத்தன. ஆனாலும் இரட்டைக் கூலி என்ற விதியை அவற்றாலும் எடுக்க முடியவில்லை. வேலை நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. கேட்டு வாங்குங்கள். ஒருவன் நோட்டு வெறும் காகிதம். ஒரு ஷிப்ட் முழுவதும் எழுதிய நோட்டு சாட்சியம். பத்துப் பேர் நோட்டில் ஒரே நாற்பது நிமிஷம் எழுதியிருந்தால், எந்த மேலாளர் "இயந்திரத்தில் இல்லை" என்று தள்ள முடியும்?

வயல் வேலைக்குப் போகும் பெண்களும் எழுதலாம். பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் விடியுமுன் இறங்கி எத்தனை மணிக்கு ஏறினோம் என்று எழுதத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதும்.

கனவான் தன் கடிகாரத்துக்குப் பட்டை தேடிக் கொண்டிருக்கட்டும். ரப்பரா, தோலா, நைலானா என்று அவர் யோசித்து முடிக்கட்டும். நமக்கு வேண்டியது எட்டு மணி நேரம் என்ற அந்த ஒரே பட்டை. நம் பாட்டன்மார் பல ஊர்களில் ரத்தம் சிந்தி நம் மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போனது. 2023இல் அதை அவிழ்க்கக் கை நீட்டினார்கள், தட்டிவிட்டோம். மறுபடியும் நீட்டுவார்கள். நேரம் பார்த்து விழித்திருப்போம்!